அத்தை சொல்ல... கம்ப்யூட்டர் எழுத...

என் மாமியாருக்கு எங்கள் தெருவில் ஒரு காலத்தில் "லெட்டர் அம்மா" என்று பெயர். கல்யாணமாகி மதுராந்தகத்துக்கு வந்தபோது எட்டாவது படித்திருந்தாராம். அன்றைக்குத் தெருவில் பாதிப் பெண்களுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். மிலிடரியில் இருக்கும் புருஷனுக்கு, பம்பாயில் இருக்கும் அண்ணனுக்கு, படாளம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் மாமாவுக்கு என்று ஆளுக்கொரு இன்லண்டு லெட்டரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மத்தியான வேளையில் வருவார்களாம். அத்தை எழுதி, படித்துக் காட்டி, ஒட்டியும் தருவார்.

"எழுதறது பெரிசில்லைம்மா. எழுதினதை மறந்துடணும். அதுதான் கஷ்டம்" என்பார். யார் என்ன எழுதச் சொன்னார்கள் என்று எத்தனையோ தடவை தூண்டித் துருவிக் கேட்டிருக்கிறேன். எழுதச் சொன்னவர்களில் பலர் போயே சேர்ந்துவிட்டார்கள். இன்றுவரை ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை!

அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது வயது 76. நாலு வருஷமாகக் கை நடுக்கம். நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, பயப்படும்படி ஒன்றுமில்லை, வயதினால் வந்த நடுக்கம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். பேப்பரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். ஆனால் பேனா பிடித்தால் எழுத்து கோழி கிளறின மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு நாள் பாங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சொல்லிக் கட்டை விரலில் மை தடவி வைக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பேசவும் இல்லை.

என் மகள்தான் முதலில் வழி சொன்னாள். "பாட்டி, போனில் மைக் படத்தை அமுக்கிட்டுப் பேசுங்க, அதுவே எழுதும்." அத்தை தன் தங்கைக்கு நாலு வரி பேசினார். எழுத்து வந்தது. முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள். "நான் பேசறது எங்கே போய் எழுத்தா மாறுது?"

"கம்பெனியோட கம்ப்யூட்டருக்குப் போய் மாறித் திரும்பி வருது பாட்டி. அது வெளிநாட்டுலே இருக்கும்."

அத்தை போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டார். "அப்போ நடுவிலே ஒருத்தர் உக்காந்து கேக்கறாங்கன்னு சொல்லு."

நாங்கள் சிரித்தோம். யார் பாட்டி உங்க பேச்சைக் கேட்கப் போகிறார்கள் என்று மகள் கேலி செய்தாள். ஆனால் லெட்டர் எழுதித் தந்தவருக்குத்தான் லெட்டரின் அருமை தெரியும். வாயால் சொல்லி எழுத வைப்பவள், நடுவில் இருப்பவரின் நாக்கை நம்பித்தான் சொல்கிறாள்.

அத்தை கேட்டது வெறும் வயதானவர் சந்தேகம் இல்லை என்பதை என் மகன் எடுத்துச் சொன்னான். அவன் பாலிடெக்னிக் படித்தவன். 2019-ஆம் வருஷம் உலகத்துப் பத்திரிகைகளில் இது பெரிய செய்தியாக அடிபட்டதாம். அலெக்ஸா, சிரி, கூகுள் அசிஸ்டெண்ட் என்று நாம் பேசிக் காரியம் வாங்கும் இயந்திரங்களில் பதிவான பேச்சுகளில் சிலவற்றை, இயந்திரத்தைத் திருத்துவதற்காக மனிதர்களே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். டாக்டரிடம் பேசியது, புருஷன் பெண்டாட்டி பேசியது எல்லாம் அதில் உண்டு. சிரி சம்பந்தமான வழக்கு ஒன்றில் ஆப்பிள் கம்பெனி 2025 ஜனவரியில் 9.5 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ள முன்வந்தது, தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே. அதே வருஷம் மார்ச் மாதத்தில் அமேசான் தன் எக்கோ கருவிகளில், பேச்சை வெளியே அனுப்பாமல் கருவிக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டது. நம் நாட்டிலோ, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். சொன்னது சரி. அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவருவது யார்?

என் மகன் கொண்டுவந்தான்! கம்ப்யூட்டர் விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பத்தாவது படித்த எனக்கே புரிந்தது.

மகள் பன்னிரண்டாவது படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் ஒன்று பரணில் கிடந்தது. அந்தத் திட்டம் 2011-ல் ஆரம்பித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு கூடவே பாஸ் லினக்ஸ் என்ற ஒன்றும் போட்டுக் கொடுத்தார்கள். நம் நாட்டு ஸி-டாக் நிறுவனம் தயாரித்தது அது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்களோ, தெரியாது. மகன் அந்த லேப்டாப்பைத் தூசி தட்டி, மெமரியை 8 ஜி.பி. ஆக்கி, லினக்ஸ் மின்ட் என்பதைப் போட்டான். காசு கிடையாது.

லினக்ஸ் என்பது 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. "திறந்த மூலம்" என்கிறார்கள் இதை. கடையில் வாங்கும் மசாலாப் பொடியில் என்னென்ன எத்தனை பங்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டு மாமி மல்லி இத்தனை, மிளகாய் இத்தனை என்று அளவோடு எழுதிக் கொடுத்தால், நாமே அரைக்கலாம், கூட்டலாம், குறைக்கலாம், நாலு பேருக்கும் கொடுக்கலாம். இது இரண்டாவது ரகம். அந்தரங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், "உங்கள் பேச்சை நாங்கள் அனுப்புவதில்லை" என்று ஒரு கம்பெனி சொன்னால் நாம் நம்பத்தான் வேண்டும். அளவு எழுதிய சீட்டு வெளியே இருந்தால், தெரிந்தவர்கள் பிரித்துப் பார்த்து, ஆமாம் அனுப்பவில்லை என்று சொல்ல முடியும்.

இனி எழுதும் இயந்திரத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் ஓப்பன் ஏஐ என்ற அமெரிக்க நிறுவனம் "விஸ்பர்" என்று ஒன்றை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. நாப்கின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், வார்த்தைக்குக் கிசுகிசுப்பு என்று அர்த்தம். (நாம் கிசுகிசுத்தால் அதற்குச் சரியாகப் புரிவதில்லை என்பது வேறு விஷயம்.) பேச்சைக் கேட்டு எழுதக் கற்றுக்கொள்ள அதற்குக் கொடுத்த ஒலிப்பதிவு மொத்தம் 6,80,000 மணி நேரம். ஒருவர் ராத்திரி பகல் தூங்காமல் கேட்டால் 77 வருஷம் ஆகும். அதில் தமிழ்ப் பேச்சைத் தமிழாகவே எழுதிப் பழகக் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? ஆறு நாள் அளவுகூட இல்லை! அந்த ஆறு நாளில் இவ்வளவு எழுதுகிறதே என்று ஆச்சரியப்படுவதா, நமக்கு ஆறு நாள்தானா என்று கோபப்படுவதா?

நம் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் பேச்சு ஆய்வுக்கூடத்தில் இதே விஸ்பருக்குத் தமிழை மேலும் பழக்கி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதே ஐ.ஐ.டி.யில் ஏஐ4பாரத் என்று இந்திய மொழிகளுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் பேச்சை எழுத்தாக்கும் கருவியைச் செய்து, அதையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். பல்கேரியா நாட்டு கெர்கானோவ் என்பவர் 2022-லேயே விஸ்பரைச் சாதாரண லேப்டாப்பில் ஓடும்படி மாற்றி எழுதிவிட்டார். பெரிய கம்ப்யூட்டர் வேண்டும் என்ற பேச்சே அதோடு போயிற்று.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லினக்ஸில் "ஸ்பீச் நோட்" என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. ஃப்ளாட்ஹப் என்ற இடத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அதைத் திறந்து, தமிழ் என்று தேர்ந்தெடுத்து, மாடல் என்று சொல்லும் ஒரு பெரிய ஃபைலை ஒரே ஒரு தடவை இறக்க வேண்டும். சின்ன மாடல் ஐந்நூறு எம்.பி.க்குள், நடுத்தரம் ஒன்றரை ஜி.பி. அதற்கு அப்புறம் நெட் தேவையே இல்லை. இன்னும் சின்ன மாடல்களும் உண்டு, ஆனால் அவை எழுதும் தமிழைப் படித்தால் தலைவலிதான் வரும். ஐ.ஐ.டி. பழக்கியதை இதில் ஏற்ற மகனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று. அதெல்லாம் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. பழைய லேப்டாப் என்பதால் ஒரு நிமிஷம் பேசினால் எழுதி முடிக்க இரண்டு மூன்று நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. அத்தைக்கு அது குறையாகவே படவில்லை. "நான் மட்டும் என்ன, சொல்லச் சொல்லவா எழுதினேன்? யோசிச்சுத்தானே எழுதினேன்" என்கிறார்.

மகன் எவ்வளவோ விளக்கினான், இது வெளியே போகாது பாட்டி என்று. அத்தை நம்பவில்லை. கூடத்தில் நெட் பெட்டி இருக்கிறதே, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு, அதை அணைக்கச் சொன்னார். விளக்கு நின்றதும் லேப்டாப் பக்கம் வந்து, "ஏரி காத்த ராமர் துணை" என்று மெதுவாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து எழுத்து வந்தது. "ஏறி காத்த ராமர் துணை." ஒரு எழுத்து தப்பு! ஆனாலும் அத்தைக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு நெட் கிடையாது. பாட்டி லெட்டர் எழுதும் நேரம். முதல் வாரம் மகள் கூச்சல் போட்டாள், இப்போது அவளே போய் அணைத்துவிடுகிறாள்.

தப்புகளைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஆரோக்கியம் படிக்கும் பத்திரிகை. "முழங்கால் வலி" என்றால் "முழங்கால் வழி" என்று எழுதும். "மருந்து சாப்பிட்டேன்" என்பது ஒரு நாள் "மறந்து சாப்பிட்டேன்" ஆயிற்று. நாங்கள் சிரித்து மாளவில்லை. "அரை மாத்திரை" என்பது "அறை மாத்திரை". வீட்டில் பேசுகிற மாதிரி "வந்துட்டேன், போயிட்டேன்" என்று வேகமாகப் பேசினால் திணறுகிறது, கொஞ்சம் நிறுத்தி, ரேடியோவில் செய்தி படிப்பவர் மாதிரி சொன்னால் நன்றாகவே எழுதுகிறது. மிக்ஸி ஓடக் கூடாது, தலைக்கு மேல் ஃபேன் சுற்றக் கூடாது. ஒயர் வைத்த சாதாரண ஹெட்போன் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் பாதித் தப்பு குறைகிறது.

இதை விட மோசமான தப்பும் ஒன்று உண்டு. நாம் பேசாமல் இருக்கும் நேரத்தில், சொல்லாததை அதுவே எழுதிவிடும். அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள் ஏறக்குறைய நூறு பதிவுகளுக்கு ஒன்றில் இப்படிக் கற்பனை வாக்கியம் நுழைந்ததாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிகளில் இதை வைத்து எழுதுவது பற்றி 2024 அக்டோபரில் ஏ.பி. செய்தி நிறுவனம் எச்சரித்தது. ஆகவே மருந்தின் பெயர், அளவு, பி.பி., சர்க்கரை அளவு எதுவானாலும் எழுதியதைக் கண்ணால் படித்துப் பார்க்காமல் நம்பவே கூடாது. அத்தை ஒவ்வொரு வரியையும் பெரிய எழுத்தில் வைத்துப் படிக்கிறார். தப்பு இருந்தால் அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி சொல்கிறார். படிக்கத் தெரியாதவர்களுக்கு இது எப்படிப் பயன்படும் என்று கேட்டால், இன்னும் இல்லை என்பதுதான் என் பதில். திருத்துவதற்கு இன்னொருவர் வந்தால் ரகசியம் ஏது?

இன்னொரு சங்கதி, எந்தக் கம்ப்யூட்டர்காரரும் சொல்லாதது. அமெரிக்காக் கம்பெனி கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் வீடுகளில் பெண்ணின் ரகசியத்துக்கு ஆபத்து கூடத்திலிருந்துதான். நெட்டை அணைத்தால் போதுமா? ஃபைல் அங்கேயேதானே இருக்கிறது! மகனிடம் சொல்லி அத்தைக்கென்று தனிப் பெயரில் கணக்கு ஆரம்பிக்க வைத்தேன். ஆறு எண் பாஸ்வேர்டு. நடுங்கும் கையால் அத்தையே எண்களை அமுக்கிப் போட்டார், நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றோம். பேசும்போது கதவைச் சாத்திக்கொள்கிறார். நான் அந்த நேரத்தில் கொல்லைப் பக்கம் போய்த் துணி மடிக்கிறேன், அல்லது கறிகாய்க் கடைக்குப் போகிறேன். எழுதியதை வெளியே கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுப்பதில்லை. பென் டிரைவைக் கொடுத்தால் கடைப் பையன் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி தங்கிவிடும், வெளியே வரும் தாளை வரிசையில் நிற்கும் நாலு பேரும் பார்ப்பார்கள்.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று என் கணவர் கேட்டார். பெரும்பேர்கண்டிகைத் தங்கைக்கு நலம் நலமறிய எழுதுவதில் என்ன ரகசியம் என்றார். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு வருஷமாக அத்தை கல்யாணம் காட்சிக்கு வருவதில்லை. பஸ்ஸில் ஏற மாட்டேன் என்கிறார். தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறார், அந்தக் கையோடு. டாக்டரிடம் கூட்டிப்போனால், பக்கத்தில் மகனோ நானோ உட்கார்ந்திருப்போம். "ஒண்ணுமில்லை, கால் வலிதான்" என்பார். நான் கேட்டால், "உனக்கு வேற வேலை இல்லையா" என்பார்.

லேப்டாப் வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில், "ஏம்மா, செங்கல்பட்டிலே அந்த லேடி டாக்டர் இருக்காங்களே, அவங்ககிட்ட போகணும். அதையும் எடுத்துக்கோ" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. லேப்டாப்பைத் துண்டில் சுற்றி ஒயர் கூடையில் வைத்து, ஆட்டோ பேசிப் போனோம். டாக்டர் அறை வாசலில் அத்தை என்னைப் பார்த்தார். நான் கூடையை உள்ளே மேஜை மேல் வைத்துவிட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். கதவு சாத்தியது. உள்ளே இருபது நிமிஷம். எனக்கு அது இரண்டு மணி நேரமாக இருந்தது.

டாக்டர் என்னைக் கூப்பிட்டபோது லேப்டாப் மூடியிருந்தது. "உங்க மாமியார் ஒண்ணரைப் பக்கம் எழுதிக் கொண்டுவந்திருக்காங்க. எப்ப ஆரம்பிச்சது, எப்ப அதிகமாகுது, எல்லாம் வரிசையா இருக்கு. படிச்ச பேஷண்டுங்ககூட இப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றார். அத்தைக்கு என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொதுவாகச் சில வார்த்தை சொன்னார். பிள்ளை பெற்ற பெண்களுக்கு வயதான காலத்தில் கர்ப்பப்பை இறங்குவது, இருமினால் சிரித்தால் சிறுநீர் கசிவது, மாதவிடாய் நின்ற பிறகு உதிரம் படுவது, இவை எதையும் வயதின் தலையெழுத்து என்று மூடி வைக்கக் கூடாது, சிலதுக்குப் பயிற்சி போதும், சிலதுக்கு உள்ளே வளையம் வைப்பார்கள், சிலதுக்கு ஆபரேஷன், உதிரம் பட்டால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது என்றார். எங்கள் வீட்டில் அது எதுவோ, சரியாகி வருகிறது என்பது மட்டும் தெரிகிறது. போன மாதம் அத்தை என்னோடு பஸ்ஸில் வேடந்தாங்கல் வரை வந்தார்.

இப்போது அத்தைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. மொஸில்லா என்ற நிறுவனம் 2017-ல் "காமன் வாய்ஸ்" என்று ஒன்றை ஆரம்பித்தது. திரையில் வரும் வாக்கியத்தை நம் குரலில் படித்துக் கொடுத்தால், மற்றவர்கள் கேட்டு, சரியாகப் படித்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சேர்ந்த குரல்களை யார் வேண்டுமானாலும் எடுத்து இயந்திரத்துக்குத் தமிழ் பழக்கலாம். தமிழிலும் உண்டு. ஆறு நாள் கணக்கைக் கேட்டதிலிருந்து அத்தைக்கு இதில் ஒரு ரோஷம். நானும் படிக்கிறேன். நம் வயதுப் பெண்களின் குரலும், கிழவிகளின் குரலும் அதில் சேர்ந்தால்தானே நாம் பேசுவது அதற்குப் புரியும்?

இதற்கு மட்டும் நெட் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் போட்டுக் கொடுக்கிறாள். வாக்கியங்கள் ஐந்தைந்தாக வருகின்றன. "யாரும்மா இப்படிப் பேசறாங்க, பாடப் புஸ்தகம் மாதிரி?" என்று அலுத்துக்கொண்டே அத்தை இருபது வாக்கியம் படிக்கிறார். முடிந்ததும் பச்சை விளக்கைக் காட்டி, "இது ஊருக்குக் கொடுத்தது, போதும். அதை அணை. எனக்கு வேலை இருக்கு" என்கிறார்.